கடக்நாத்: நிறமும் பெயர்ச்சீட்டும்

வாங்கும் வேளையில் கண்ணால் பார்த்துத் தரம் அறிய இயலாத பொருள்களுள் ஒரு நாள் வயதுக் கோழிக்குஞ்சும் ஒன்று. விதை நெல் வாங்கும் உழவர், அது முளைத்துக் கதிர் விடும்வரை விற்றவரின் சொல்லையே நம்பியிருக்க வேண்டும். குஞ்சு வாங்குபவரும் அது வளர்ந்து முதல் முட்டை இடும்வரை பொரிப்பகத்தாரின் சொல்லையே நம்பியிருக்க வேண்டும். ஆயினும் இவ்விருவர் நிலையும் ஒன்றன்று. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம், அறிவிக்கப்பட்ட விதை வகைகள் இன்ன வகை, இன்ன முளைப்புத் திறன் என்னும் சீட்டோடு விற்கப்பட வேண்டும் என்று விதித்தது. குஞ்சுப் பெட்டிக்கோ அத்தகைய பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. பெட்டியின் மேல் எழுதப்பட்ட பெயரே சான்றாகவும், விற்பவரின் சொல்லே உறுதியாகவும் கொள்ளப்படுகின்றன.

இக்குறையினால் விளையும் தீங்கு கடக்நாத் இனத்தில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. இறைச்சிக்கு நல்ல விலை கிடைக்கிறது என்னும் செய்தி பரவிய நாள்முதல், மத்தியப் பிரதேசத்தின் மலைச் சிற்றூர்களில் வளர்ந்த இக்கோழி நாட்டின் எல்லா மூலைகளிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. மருத்துவக் குணம் பற்றிய மிகைப்பட்ட பேச்சும் அவ்விலையை உயர்த்தியது. இனப்பெருக்கத்துக்குரிய தூய மந்தைகள் பெருகிய வேகத்தைவிட, அவற்றின் பெயரைத் தாங்கிய குஞ்சுகள் பெருகிய வேகம் அதிகம். 2019ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் சாங்கலி மாவட்டத்தில், கடக்நாத் வளர்ப்பின் பெயரால் பணம் திரட்டிய முதலீட்டுத் திட்டம் ஒன்று மோசடி வழக்காக முடிந்ததும் இங்கே நினைவுகூரத் தக்கது. அவ்வழக்கு இனக்கலப்பு பற்றியதன்று. எனினும், ஒரு பெயருக்குக் கிடைக்கும் மதிப்பு அப்பெயரைத் தவறாகப் பயன்படுத்துவோரையும் எவ்வளவு விரைவில் ஈர்க்கும் என்பதை அது காட்டிற்று.

இந்நிலையில் விரிவாக்க ஊழியரிடமும் பள்ளி ஆசிரியரிடமும் உழவர் கேட்கும் கேள்வி ஒன்றே: “இது உண்மையான கடக்நாத்தா?” இக்கேள்விக்குக் கோழியின் நிறத்தை மட்டும் பார்த்து விடை கூறும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். தோற்றம் கலப்பை மெய்ப்பிக்க வல்லது. தூய்மையை மெய்ப்பிக்க வல்லதன்று. தூய்மைக்குச் சான்று பொரிப்பகத்தின் பதிவேட்டில்தான் இருத்தல் கூடும்.

இனத்தின் இயல்பு

கடக்நாத்தின் தாயகம் மத்தியப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஜாபுவா, அலிராஜ்பூர், தார் மாவட்டங்கள். பீல், பிலாலா முதலிய பழங்குடி மக்கள் இதனை நெடுங்காலமாக வளர்த்து வருகின்றனர். கறுத்த சதையுடையது என்னும் பொருளில் ‘காலாமாசி’ என்பது இதற்கு அங்கே வழங்கும் பெயர். தோல், அலகு, கால், விரல், பாதம் ஆகியவை கரும்பலகை நிறமாக இருக்கும். கொண்டையும் தாடியும் நாக்கும் ஊதா கலந்த கருமை கொண்டவை. தசை, தசைநார், எலும்பின் மேலுறை, உள்ளுறுப்புகளின் சவ்வுகள் ஆகியவற்றிலும் கருமை படர்ந்திருக்கும்.

இறகின் நிறத்தில் இவ்வினம் மூன்று வகைப்படும். உடல் முழுதும் கறுத்தது ஒன்று. கறுத்த இறகில் வெள்ளிக் கோடுகள் படிந்தது ஒன்று. பொன்னிறம் கலந்தது மற்றொன்று. ஆதலின் இறகில் வெள்ளையோ பொன்னிறமோ காணப்பட்டதைக் கொண்டு ஒரு கோழியைக் கலப்பு என்று தள்ளிவிடுதல் தவறு. இறகு முழுதும் கறுத்திருப்பதைக் கொண்டு தூயது என்று ஏற்பதும் அதே அளவு தவறு. ஆஸ்திரலார்ப் கோழிக்கு இறகு கறுப்பு. தோலோ வெள்ளை, கொண்டையோ சிவப்பு. கேரளத்தின் தலச்சேரிக் கோழியும் வங்காளத்தின் ஹரிங்காட்டாக் கறுப்புக் கோழியும் கறுத்த இறகுடைய நாட்டினங்களே. ஆயினும் அவை கடக்நாத்தைப் போல் உட்சதை கறுத்தவை அல்ல. தமிழில் ‘கருங்கோழி’ என்னும் ஒரே சொல் கறுத்த இறகுக் கோழியையும் கறுத்த சதைக் கோழியையும் குறிக்க வழங்குவதால், தமிழ் பேசும் பகுதிகளில் இக்குழப்பம் இருமடங்காகிறது.

வேறு இரு தவறான நம்பிக்கைகளையும் இங்கேயே களைந்துவிடலாம். கடக்நாத்தின் முட்டை கறுப்பன்று. வெளிர் பழுப்பு நிறமுடையது. அதன் இரத்தமும் கறுப்பன்று. ஏனைய கோழிகளின் இரத்தத்தைப் போல் ஹீமோகுளோபினால் சிவந்ததே. கறுத்த முட்டையைக் காட்டி விலை பேசுபவர் கோழியைப் பற்றி அறியாதவராகவோ, வாங்குபவரின் அறியாமையை நன்கு அறிந்தவராகவோ இருத்தல் வேண்டும்.

கண்ணால் காணத்தக்க குறிகள்

தோற்றம் தூய்மையை மெய்ப்பிக்காது என்றாலும், கலப்பை வெளிப்படுத்தும் குறிகள் பல உள்ளன. களப்பணியாளர் அவற்றை முறையாகப் பார்க்கப் பழகுதல் வேண்டும்.

முதலாவதாக, இறகை விடுத்துத் தோலைப் பார்க்க வேண்டும். மார்பிலும் இறக்கையின் அடியிலும் உள்ள மென்தூவியை விலக்கித் தோலின் நிறத்தை நோக்கலாம். வாயைத் திறந்து நாக்கையும் அண்ணத்தையும் பார்க்கலாம். பாதத்தின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் மிகவும் பயன்தரும். காலின் மேற்புறம் கறுத்திருந்தும் அடிப்பாதம் மஞ்சளாகவோ வெண்மையாகவோ இருப்பின் ஐயம் கொள்ள இடமுண்டு. முதிர்ந்த சேவலின் கொண்டையில் இரத்த ஓட்டத்தால் சிவப்புச் சாயல் கலந்து தெரிவதுண்டு. அதை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

இரண்டாவதாக, உடலமைப்பை நோக்க வேண்டும். கடக்நாத்தின் கொண்டை பற்கள் அமைந்த ஒற்றைக் கொண்டை, காலில் இறகு இல்லை, விரல்கள் நான்கு. ஐந்தாம் விரல், காலில் இறகு, தலையில் குடுமி, வாதுமைக் கொட்டை போன்று சுருங்கிய கொண்டை ஆகியவற்றுள் எதுவேனும் காணப்படின், அங்கே சீனத்துப் பட்டிறகுக் கோழியின் கலப்பு இருக்கலாம். அவ்வினமும் கறுத்த தோலும் கறுத்த சதையும் உடையதே.

மூன்றாவதாக, வளர்ச்சியை அளக்க வேண்டும். தராசு பொய் சொல்வதில்லை. இசத்நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் தந்துள்ள கணக்கின்படி, கடக்நாத் 20 வாரங்களில் 920 கிராம் எடையை அடையும்; ஆண்டுக்கு 105 முட்டை இடும். இது மெதுவாக வளரும் இனம். 12 வாரங்களில் ஒன்றரைக் கிலோவைத் தொடும் ஒரு தொகுதி கடக்நாத் என்னும் பெயரோடு வருமாயின், அதன் பெற்றோருள் விரைந்து வளரும் இறைச்சி இனம் ஒன்று இருந்திருக்கும் என்றே கொள்ளலாம். தீவனச் செலவு குறைவு என்று எண்ணி மகிழும் முன்னர், வாங்கிய பொருள் எது என்று உழவர் கேட்டுத் தெளிதல் நன்று.

கலப்புக் குஞ்சு கறுத்துப் பிறப்பது எவ்வாறு

இப்பொருளில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. கடக்நாத்தோடு வேற்றினக் கோழியைச் சேர்த்தால் பிறக்கும் குஞ்சு வெளிறிய நிறமாகவோ, இடைப்பட்ட நிறமாகவோ இருக்கும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உண்மை அதுவன்று. தோலும் சதையும் கறுப்பதற்குக் காரணமான ஜீன் மேலோங்கும் தன்மையது. பெற்றோருள் ஒருவரிடமிருந்து ஒரு பிரதி கிடைத்தாலே அது தன் வேலையைச் செய்யத் தொடங்கிவிடும். ஆனால் அதனைக் கட்டுப்படுத்தும் மற்றொரு ஜீன் உண்டு. தோலின் உள்ளடுக்கில் நிறம் படிவதைத் தடுக்கும் அந்த ஜீன், பாலினத்தை நிர்ணயிக்கும் குரோமோசோமின் மேல் அமைந்துள்ளது.

கோழிகளில் பெட்டைக்கு அக்குரோமோசோம் ஒன்றே உண்டு. அதைத் தந்தையிடமிருந்து மட்டுமே பெறும். சேவலுக்கு இரண்டு உண்டு. தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பெறும். கடக்நாத் சேவலை, ரோட் ஐலண்ட் ரெட் போன்ற மஞ்சட்கால் பெட்டையோடு சேர்ப்பதாகக் கொள்வோர் பின்வரும் விளைவைக் காண்பர். பெட்டைக் குஞ்சுகள் தடுக்கும் ஜீனைப் பெறுவதில்லை. ஆதலின் நன்கு கறுத்திருக்கும். சேவற் குஞ்சுகள் தாயிடமிருந்து அந்த ஜீனைப் பெறுவதால் வெளிறியிருக்கும். மாறாக, கடக்நாத் பெட்டையை மஞ்சட்காற் சேவலோடு சேர்த்தால் இருபாற் குஞ்சுகளும் வெளிறியே இருக்கும். பட்டிறகுக் கோழியையும் பழுப்பு லெகார்னையும் சேர்த்து இவ்வுண்மையை ஆராய்ந்து 1911இல் வெளியிட்டவர்கள் பேட்சன், பன்னெட் என்னும் ஆங்கில அறிஞர்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பின் 2011இல், கருமைக்குக் காரணம் 20ஆம் குரோமோசோமில் எண்டோதீலின்-3 என்னும் ஜீனை உள்ளடக்கிய ஒரு பகுதி இரட்டித்து அமைந்ததே என்பது ஆய்வினால் தெளிவாயிற்று.

இதன் நடைமுறைப் பொருள் யாது? கடக்நாத் சேவல் சிலவற்றையும் விலை மலிந்த பண்ணைப் பெட்டைகள் பலவற்றையும் வைத்திருக்கும் பொரிப்பகம், முதல் தலைமுறையிலேயே கறுத்த பெட்டைக் குஞ்சுகளைப் பெற்றுவிட முடியும். வெளிறிய சேவல்களைப் பொறுக்கி விலக்கிவிட்டால், மீதியுள்ள பெட்டி முழுதும் கறுப்பாகவே தோன்றும். நாட்டுக்கோழிகளுள் கறுத்த கால் உடையவை பல. அத்தகைய பெட்டைகளிடம் தடுக்கும் ஜீன் இல்லாதபோது இருபாற் குஞ்சுகளும் கறுத்தே பிறக்கும். பொறுக்கும் வேலையும் மிச்சம். வாங்குபவர் பாதி இரத்தத்துக்கு முழு விலை கொடுத்துச் செல்கிறார்.

ஆய்வுக்கூடச் சோதனையும் இவ்விடத்தில் ஓரளவே துணை செய்யும். கருமை ஜீன் உண்டா என்று மட்டும் பார்க்கும் சோதனை இனத்தைக் காட்டாது. சீனத்துப் பட்டிறகுக் கோழி, இந்தோனேசியாவின் அயாம் செமானி, சுவீடனின் கருங்கோழி ஆகியவையும் அதே ஜீனைத் தாங்கியவை. இனத்தை உறுதி செய்ய மரபணுத்தொகுதியின் பல இடங்களை ஒப்பிட வேண்டும். அதற்குச் செலவு அதிகம், சிற்றூர் உழவருக்கு அது எட்டாது.

பண்ணையிலேயே செய்யத்தக்க சோதனை

எனினும் செலவின்றிச் செய்யத்தக்க இரண்டு சோதனைகள் உள்ளன. ஒரே தொகுதியில் வாங்கிய குஞ்சுகளை இரண்டு மூன்று மாதம் வளர்த்து, சேவல்களின் தோலையும் பெட்டைகளின் தோலையும் ஒப்பிட வேண்டும். பெட்டைகள் கறுத்தும் சேவல்கள் வெளிறியும் இருப்பின், மேலே கூறிய முறையில் கலப்பு நிகழ்ந்தது என்பதில் ஐயமில்லை. தூய இனத்தில் இருபாலும் கறுத்தே இருக்கும். ஒரு தொகுதியில் பெட்டைகள் மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தால், சேவல்கள் எங்கே போயின என்று கேட்பதும் ஒரு சோதனையே.

இரண்டாவது சோதனைக்குப் பொறுமை வேண்டும். வளர்ந்த கோழிகளைத் தமக்குள்ளேயே சேர்த்துக் குஞ்சு பொரிக்கச் செய்ய வேண்டும். பெற்றோர் இருவரும் கருமை ஜீனை ஒரே பிரதியாகத் தாங்கிய கலப்புகளாயின், குஞ்சுகளில் நான்கில் ஒரு பங்கேனும் வெளிறிப் பிறக்கும். ஒரே சோடியின் 4 குஞ்சுகளைப் பார்த்து முடிவு செய்தல் போதாது. அத்தகைய கலப்புப் பெற்றோருக்கும் நான்கு குஞ்சுகளும் கறுத்தே பிறக்க நூற்றுக்கு 32 பங்கு வாய்ப்புண்டு. 10 குஞ்சுகளாயின் அவ்வாய்ப்பு நூற்றுக்கு 6க்கும் குறையும். 16 குஞ்சுகளாயின் நூற்றுக்கு ஒன்றாகிவிடும். ஆகவே ஒரு சோடிக்கு 16 குஞ்சுகளையேனும் பார்த்தல் நலம்.

இச்சோதனையில் தேறிய மந்தையும் தூய இனம் என்று ஆகிவிடாது என்பதை மறத்தலாகாது. கலப்புக் கோழிகளுள் கறுத்தவற்றையே தலைமுறைதோறும் பொறுக்கி வந்தால், கருமை ஜீன் மட்டும் முழுமை பெறும். மற்றப் பண்புகள் யாவும் கலப்பாகவே நிற்கும். நிறம் ஒரு ஜீனின் செயல். இனம் என்பதோ உடலமைப்பு, வளர்ச்சி, முட்டையிடும் அளவு, தன் நிலத்தின் வெப்பத்தையும் எளிய தீனியையும் தாங்கும் ஆற்றல் ஆகியவற்றை ஆளும் எண்ணற்ற ஜீன்களின் தொகுதி.

கலப்பு குற்றமன்று, பொய்ப்பெயரே குற்றம்

இவ்வளவும் கூறப்பட்டதைக் கொண்டு, கலப்பினக் கோழி இழிந்தது என்று யாரும் கருதிவிடலாகாது. இசத்நகர் நிலையமே கடக்நாத்தையும் காரி ரெட் இனத்தையும் சேர்த்து ‘காரி ஷ்யாமா’ என்னும் கலப்பினத்தை உருவாக்கியுள்ளது. அது 20 வாரங்களில் 1120 கிராம் எடையும் ஆண்டுக்கு 210 முட்டையும் தரும் என்று அந்நிலையம் குறிப்பிட்டுள்ளது. முட்டையை நாடும் குடும்பத்துக்குத் தூய கடக்நாத்தைவிட அதுவே ஏற்றதாக இருக்கலாம். அதன் பெயரும் வேறு, பெற்றோரும் வெளிப்படை, எதிர்பார்க்கத்தக்க பயனும் வெளிப்படை. இதுவே நேர்மையான கலப்பு.

பெயரை மறைத்து விற்கப்படும் கலப்பினால் தீங்கு மூன்று வகையில் விளைகிறது. வாங்கியவர் தம் பணத்தை இழக்கிறார். அவர் அக்கோழிகளையே இனப்பெருக்கத்துக்கு வைத்தால், அடுத்த தலைமுறையில் வெளிறிய குஞ்சுகள் தோன்றி, அவரிடம் வாங்கியவர்கள் அவரையே ஏமாற்றுக்காரர் என்று பழிப்பர். எல்லாவற்றினும் பெரிய தீங்கு மூன்றாவது: அக்கலப்புச் சேவல்கள் தாயகத்து ஊர்களையே சென்றடைந்து தூய மந்தைகளோடு கலக்குமாயின், பல தலைமுறைகளாகப் பழங்குடியினர் காத்துவந்த இனச்செல்வம் மீட்கவியலாதபடி கரைந்துவிடும். கலந்த பாலிலிருந்து நீரைப் பிரித்தெடுப்பவர் யார்?

தூய்மையைக் காப்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. கலப்புக்கு அஞ்சி ஒரு சேவலின் சந்ததியையே திரும்பத் திரும்பப் பெருக்குவது மற்றொரு கேட்டை விளைவிக்கும். 50 பெட்டைக்கு 2 சேவல் மட்டுமே விடப்பட்ட மந்தையில், ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக்கலப்பு நூற்றுக்கு ஆறுக்கு மேல் உயரும். 10 சேவல் விடப்பட்டால் அது ஒன்றரையாகக் குறையும். உறவுக்கலப்பு மிகுந்தால் கரு கூடாத முட்டையும், பொரிக்காத முட்டையும், நலிந்த குஞ்சும் பெருகும். உழவர் அப்பொழுது இனத்தையே குறை கூறுவார்.

பெயர் பற்றிய சட்ட நிலையும் தெளிவாக அறியப்பட வேண்டும். 2018ஆம் ஆண்டில் ஜாபுவாவின் கடக்நாத் கருங்கோழி இறைச்சிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பதிவு பெற்ற குறியீட்டைப் பொய்யாகப் பயன்படுத்துவோருக்கு 1999ஆம் ஆண்டின் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் அக்குறியீடு ஒரு நிலத்தின் விளைபொருளைக் காப்பதற்கு உரியது. வேறு மாநிலத்துப் பொரிப்பகத்தில் விற்கப்படும் குஞ்சின் இனத்துக்கு அது சான்று ஆகாது. தூய கடக்நாத்தை வேறிடத்தில் வளர்ப்பவர் கடக்நாத் வளர்க்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். ஜாபுவாவின் இறைச்சி விற்கிறார் என்று சொல்லிக்கொள்ள இயலாது. இவ்விரண்டையும் குழப்பிக் குறியீட்டின் படத்தைக் குஞ்சுப் பெட்டியில் ஒட்டுவோரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

செய்யத் தக்கன

ஆகவே பொரிப்பகங்களிடம் கேட்கத்தக்கது பெரிய காரியமன்று. ஒரு சீட்டும் ஒரு பதிவேடுமே. சீட்டில் தாய் இனம், தந்தை இனம், தாய்மந்தை எங்கிருந்து பெறப்பட்டது, பொரித்த நாள், தொகுதி எண் ஆகிய ஐந்து செய்திகள் இருத்தல் போதும். பதிவேட்டில் எந்தக் கூண்டின் முட்டை எந்தத் தொகுதிக்குச் சென்றது என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். கலப்பாயின் கலப்பு என்றே எழுதலாம். விலையும் அதற்கேற்ப அமையும். நேர்மையான பொரிப்பகத்தாருக்கு இதனால் இழப்பு இல்லை. பொய்ப்பெயரோடு போட்டியிடும் தொல்லையிலிருந்து அவர்களுக்கு இது விடுதலை தரும்.

அரசுத் திட்டங்களின் வழியாகக் குஞ்சு வழங்கும் அலுவலர்கள் இதனைத் தொடங்கி வைத்தல் பொருத்தமாகும். விலைப்புள்ளி கோரும்போதே தாய்மந்தையின் பதிவேட்டைக் கேட்பதும், தொகுதியில் சில குஞ்சுகளை மூன்று மாதம் தனியே வளர்த்து எடையும் தோலின் நிறமும் குறித்துக்கொள்வதும் அவர்களால் இயலாதவை அல்ல. மிகக் குறைந்த விலைக்குத் தருபவரையே தேர்ந்தெடுக்கும் முறை நீடிக்கும்வரை, தூய மந்தையைச் செலவு செய்து காப்பவர் தோற்றுக்கொண்டே இருப்பார் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. மெண்டல் விதிகளைப் பட்டாணிச் செடியைக் கொண்டு மட்டும் கற்பிக்க வேண்டியதில்லை. கறுத்த பெட்டையும் வெளிறிய சேவலும் ஒரே தாயின் முட்டைகளிலிருந்து வருவது ஏன் என்னும் கேள்வி, சிற்றூர் மாணவர்க்குத் தம் வீட்டு முற்றத்திலிருந்தே எழும் கேள்வி. அதற்கு விடை கண்ட மாணவர், அடுத்த முறை குஞ்சு வாங்கச் செல்லும் பெற்றோரோடு தாமும் செல்வார். பெட்டியின் மேல் எழுதப்பட்ட பெயரைப் படிப்பதோடு நில்லாது, பெட்டிக்குள் இருக்கும் குஞ்சின் அடிப்பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார். தாய்மந்தையின் பதிவேடு எங்கே என்றும் கேட்பார். அக்கேள்வியைப் பத்துப் பேர் கேட்கத் தொடங்கினால், பதினோராவது பெட்டியில் சீட்டு தானாகவே ஒட்டப்பட்டிருக்கும்.